சைக்கிளின் சுமைதாங்கி

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய பட்டறைகளில் சைக்கிளுக்குப் பின் கேரியர் செய்து தரச் சொன்னால், “எத்தனை பீஸ்?” என்பதுதான் முதல் கேள்வி. ஒன்றுதான் என்றதும் பலரும் கையை விரித்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. டிவிஎஸ், அசோக் லேலண்ட் போன்ற பெரிய ஆலைகளைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. கம்பெனியிலிருந்து டிராயிங் வரும், அதற்கேற்ப ஜிக் செய்வார்கள், அதில் வைத்து ஒரே மாதிரியாக அடித்துத் தள்ளினால்தான் கூலி கட்டுப்படியாகும். ஒற்றைக் கேரியருக்காக யார் ஜிக் செய்வார்கள்?

மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு ஷெட்டில் மட்டும் வெல்டர் ஒருவர் ஒப்புக்கொண்டார். அவருக்குச் சொந்த ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். “எங்கப்பா சைக்கிள்ல பால் கொண்டுபோனவரு சார். கேரியர்ல ரெண்டு பக்கமும் கொக்கி போட்டு கேன் தொங்கும். நீங்க கேக்கறதும் அதான?” என்றார். அதேதான். நெடும்பயணத்துக்குச் சக்கரத்தின் இருபுறமும் பை தொங்கவிட வேண்டும். கூடாரம், துணி, சமையல் சாமான், கருவிகள் எல்லாம் சேர்ந்தால் இருபது கிலோவைத் தொட்டுவிடும். சீட்டுக் கம்பியில் ஒரே ஒரு கிளாம்ப் போட்டு மாட்டும் கேரியர் அந்தப் பாரத்துக்குச் சரிப்படாது. அடியில் சக்கர அச்சுப் பக்கம் இரண்டு போல்ட், மேலே சீட்டுக்குக் கீழே இரண்டு பிடிப்பு என நான்கு இடத்தில் நிற்பதுதான் வேண்டும். பாரத்தில் பெரும்பகுதி அடியிலுள்ள அந்த இரண்டு 5 எம்எம் போல்ட்டில்தான் இறங்கும். மேலே உள்ள பிடிப்பு கேரியர் முன்னும் பின்னும் சாயாமல் பார்த்துக்கொள்ளும்.

அவர் டேப்பை எடுப்பதற்கு முன் என்னை ஷூவோடு சீட்டில் உட்காரச் சொன்னார். உதவியாளர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றச் சொல்லி, குதிகால் எதுவரை வருகிறது என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டார். பையின் அளவுக்கு வெட்டிய பிளைவுட் துண்டைச் சக்கரத்தோரம் நிறுத்தி, குதிகால் இடிக்காத இடம் கிடைக்கும்வரை பின்னால் நகர்த்தினார். ரொம்பப் பின்னால் தள்ளினாலும் ஆபத்துதான். பாரம் அச்சைத் தாண்டிப் பின்னால் போனால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைப்பது சில அங்குல இடம். கடையில் கேரியர் வாங்குபவர்கள் பெரும்பாலும் பார்க்கத் தவறுவது இதைத்தான்.

அடுத்தது பைப்பா, ராடா என்ற கேள்வி. 8 எம்எம் ராடு மீட்டருக்குச் சுமார் 395 கிராம் எடை. 10 எம்எம் வெளிவிட்டமும் 1 எம்எம் கனமும் உள்ள பைப் சுமார் 220 கிராம்தான். ஆனாலும் வளையாமல் நிற்கும் விறைப்பு ராடைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கணக்குப்படி பைப்புக்குத்தான் வெற்றி. வேலை என்று வரும்போது பைப் படுத்தும். வளைத்தால் நசுங்கும், சாதாரண ஆர்க் வெல்டிங்கில் எளிதில் ஓட்டை விழுந்துவிடும். அவர் பைப்புக்குள் காய்ந்த மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, இரு முனையையும் அடைத்து, வளைக்கும் அச்சில் வைத்து மெதுவாக வளைத்தார். வளைவில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

ஒட்டுகளுக்கு ஆர்கான் வெல்டிங். முதலில் மூலைகளில் டேக் மட்டும் அடித்து, நூல் பிடித்து மூலைவிட்டம் இரண்டும் சமமா என்று பார்த்தார். பிறகு ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என மாறி மாறி ஒட்டினார். ஒரே பக்கமாக ஒட்டினால் சூடு இழுத்துக் கேரியர் கோணிக்கொள்ளும். பைப்பின் முனையைத் தட்டையாக அடித்து ஓட்டை போடுவதுதான் மலிவான வழி. அவர் அதைச் செய்யவில்லை. தனியாகத் தகடு வெட்டி, ஓட்டை போட்டு, முனையில் ஒட்டினார். காரணம் கேட்டேன். “பைப் நடுவுல உடையாதுங்க சார். தட்டுன இடத்துல, இல்லன்னா வெல்டிங் ஓரத்துல, அங்கதான் விடும்” என்றார். தினம் தினம் குலுங்கும் உலோகம் எங்கே களைத்துப்போகும் என்பதைப் பாடப்புத்தகம் பல பக்கங்களில் சொல்கிறது. அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

அலுமினியத்தை அவர் வேண்டாம் என்றார். எடை குறைவுதான். ஆனால் வழியில் விரிசல் விட்டால் அதை ஒட்ட அதற்கேற்ற மெஷினும் பழகிய கையும் வேண்டும். இரும்பு விட்டால் சூளகிரியிலோ ஊத்தங்கரையிலோ ஏதோ ஒரு பட்டறையில் ஒட்டிக்கொண்டு பயணத்தைத் தொடரலாம்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. பைப்பைப் பிடித்துக்கொண்டிருந்த உதவியாளர் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர். வெல்டர் முகத்துக்கு ஷீல்டு இருந்தது, இவருக்கு இல்லை. முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டார், அவ்வளவுதான். அந்த ஒளி பட்டால் ராத்திரி முழுக்கக் கண் உறுத்தி நீர் வழியும். தொழில் தெரிந்த கைகளை நம்பி நிற்கும் ஊர், அந்தக் கைகளோடு வந்த கண்களையும் காக்க வேண்டும்.

பைகளுக்குக் கிருஷ்ணகிரி போனேன். நாலாபுறமும் தேசிய நெடுஞ்சாலைகள் பிரியும் ஊர். லாரி நிற்கும் இடமெல்லாம் தார்ப்பாய் தைப்பவர்களும் இருப்பார்கள். சைக்கிள் பைக்கும் லாரித் தார்ப்பாய்க்கும் நெருங்கிய உறவு உண்டு. ஹார்ட்முட் ஓர்ட்லீப் என்ற ஜெர்மன் இளைஞர் இங்கிலாந்தில் சைக்கிள் பயணம் போனபோது மழையில் அவருடைய உடைமைகள் நனைந்தன. சாலையில் போன லாரிகளின் சரக்கோ தார்ப்பாய்க்குள் நனையாமல் இருந்தது. ஊர் திரும்பி அந்தத் துணியிலேயே பை தைத்து, 1982இல் நிறுவனம் தொடங்கினார். இன்று உலகம் சுற்றும் சைக்கிள்காரர்கள் பலர் மாட்டியிருப்பது அவருடைய பையைத்தான்.

தார்ப்பாய் கடை பாயிடம் இதைச் சொன்னேன். ஆச்சரியப்படவில்லை. “தண்ணி மேலருந்து வராது சார். சக்கரம் அடிச்சு கீழருந்துதான் வரும். அடியில தையலே இருக்கக் கூடாது” என்று சொல்லி, ஒரே துண்டை மடித்து அடிப்பாகம் வருமாறு வெட்டினார். ஊசி குத்திய ஒவ்வோர் இடமும் தண்ணீருக்கு வழி. அதனால் பக்கத் தையல்களை இரண்டாக மடித்து, உள்ளே பட்டை வைத்துச் சூட்டுக் காற்றால் ஒட்டினார். ஜிப் வைக்கவில்லை, வாயைச் சுருட்டி மடித்து பக்கிள் போடும்படி விட்டார். முதுகுப் பக்கம் பை குழையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தகடு. மேலே இரண்டு கொக்கி, கீழே ஒன்று. கீழ்க்கொக்கி இல்லாவிட்டால் பள்ளத்தில் பை எகிறிச் சக்கரக் கம்பியில் சிக்கும்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அதற்குள் முந்நூறு மீட்டருக்கும் மேல் இறக்கம். மேலுமலை இறக்கத்தில் பாரத்தோடு சைக்கிள் ஆடாமல் இறங்கினால் கேரியரும் பையும் தேறிவிட்டன என்று நம்பலாம். கனமானவை அடியில் இருக்க வேண்டும், இரு பையும் ஒரே எடையாக இருக்க வேண்டும், போல்ட்டுகளில் குலுக்கலில் தளராத நைலாக் நட் இருக்க வேண்டும். இவை மூன்றும் சரியாக இருந்தால் பெரும்பாலும் ஆட்டம் வராது.

பட்டறைப் பில்லில் பைப், தகடு, வெல்டிங் கூலி என்று மூன்று வரிதான் இருந்தது. சாக்பீஸ் கோடு போட்டதற்கும், பிளைவுட்டை நகர்த்திப் பார்த்ததற்கும், முனையைத் தட்டையாக அடிக்க மாட்டேன் என்று முடிவு செய்ததற்கும் காசு போடவில்லை. கம்பெனி வேலையில் அந்த யோசனை டிராயிங்காக வெளியிலிருந்து வந்துவிடுவதால், அதற்குக் கூலி கேட்கும் பழக்கமே இவர்களுக்கு இல்லை. ஆனால் என் கேரியரில் மதிப்புள்ளது அந்த யோசனைதான். நீங்களும் செய்யக் கொடுத்தால் விலை பேசும்போதே அளவெடுத்து யோசிக்கும் நேரத்துக்கும் ஒரு கூலி சேர்க்கச் சொல்லுங்கள், அதைக் கொடுத்துவிடுங்கள்.