ஊரா, காலனியா?

1997-இல் அன்னங்கோயில் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. புவனகிரிப் பக்கத்துக் காலனியிலிருந்து பரங்கிப்பேட்டைக்குக் குடிவர வீடு தேடினோம். மூத்தவளுக்கு மூணு வயசு. சின்னவன் கைப்பிள்ளை.

வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசி முடிந்த பிறகுதான் அந்தக் கேள்வி வரும்: "ஊருல எந்தப் பக்கம் தம்பி, ஊரா காலனியா?" மூன்று வீடுகளில் அதோடு பேச்சு நின்றது. ஒருவர் வெள்ளையடிக்கணும் என்றார். இன்னொருவருக்குத் திடீரென்று மகள் குடிவரப் போகிறாள். தீண்டாமையின் பேரால் குடியிருக்க விடாமல் தடுப்பது 1955-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். வெள்ளையடிக்கணும் என்பவர் மேல் என்னவென்று எழுதிக் கொடுப்பது?

"ஊருன்னே சொல்லிடேன்" என்றார் கூட வேலை பார்த்தவர்.

வெளிநாட்டில் படித்துவிட்டு 1917-இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்த அம்பேத்கர் பார்சிப் பேரில்தான் ஒரு பார்சி விடுதியில் தங்க முடிந்தது. பதினோராம் நாள் தடியோடு வந்து விரட்டினார்கள். பொய்யில் குடியிருப்பவனுக்குக் கதவு தட்டும் ஒவ்வொரு சத்தமும் பயம்தான். அந்தப் பயத்தைப் பிள்ளைகளுக்கும் பழக்க வேண்டும்.

"கேக்கறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடுவோம்" என்றாள் என் மனைவி.

நாலாவது வீடு ஒரு பாயம்மாவுடையது. வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

"பன்னிக்கறி மட்டும் ஆக்காதீங்க" என்றார் அந்தம்மா.

"மாட்டுக்கறி?"

"அதுக்கென்னம்மா, நாங்களும் ஆக்குறதுதானே."

அந்த வாரமே பால் காய்ச்சினோம். இப்போது யார் கேட்டாலும் மூத்தவள் தயங்காமல் சொல்கிறாள்: "பொறந்தது காலனி. வளர்ந்தது பரங்கிப்பேட்டை."