கடல் ஏறும் வேளை

குளிர்காலத்தில் தகைவிலான்கள் எங்கே போகின்றன என்னும் கேள்வி பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தீராத வழக்காக இருந்தது. செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் வொயிட், 1789-இல் வெளிவந்த தமது நூலில், அவற்றுள் சில எங்கும் செல்லாமல் எங்கேனும் ஒளிந்து உறங்கிக் கிடக்கக்கூடும் என்ற ஐயத்தை முற்றிலும் கைவிடவில்லை. அன்றாடம் கண்ட ஒன்று திடீரென இல்லாமற் போகையில், அது அருகில்தான் இருக்கிறது என்று எண்ணிக்கொள்வது மனத்துக்கு ஆறுதல்.

2025 அக்டோபரில், பௌர்ணமியை ஒட்டிய ஒரு விடியலில், நார்ஃபோக் கரையிலுள்ள ஸ்நெட்டிஷம் பறவைகள் காப்பகத்தில் நின்றபோது வொயிட்டை நினைத்துக்கொண்டேன். ஊஸ், நீன், வெல்லண்ட், விதம் என்னும் நான்கு ஆறுகள் கலக்கும் 'வாஷ்' விரிகுடாவின் கிழக்குக் கரை அது. பெரிய ஓதம் வரும் நாட்களில் அங்குள்ள சேற்றுநிலம் முழுவதையும் கடல் மூடிவிடும். அந்தச் சில நாட்களுக்காகவே பறவை ஆர்வலர்கள் இருளில் எழுந்து வருகிறார்கள்.

முதலில் குரல்தான் வந்தது. ஐஸ்லாந்திலும் கிரீன்லாந்திலும் குஞ்சு பொரித்துவிட்டு வந்திருந்த இளஞ்சிவப்புக்கால் வாத்துகள், இரவைச் சேற்றில் கழித்துவிட்டு, அறுவடையான சர்க்கரை பீட்ரூட் வயல்களை நோக்கி வரிசை வரிசையாகப் பறந்தன. பின்னர் கடல் ஏறத் தொடங்கியது. கரையோரத்தில் சாம்பல் நிறத் திட்டு ஒன்று மெல்ல நகர்ந்தது. தொலைநோக்கியில் பார்த்தால் அத்தனையும் 'நாட்' என்னும் சிறு உள்ளான்கள். சேற்றில் புதைந்த சிப்பிகளை அலகின் நுனியாலேயே உணர்ந்து எடுப்பவை அவை. நீர் நெருங்க நெருங்க, நிற்க இடமின்றி ஒன்றையொன்று தள்ளியபடி நடந்தன. கடைசித் துண்டு நிலமும் மூழ்கியதும் திட்டு முழுவதும் எழுந்தது. திரும்பும்போது கறுத்தும் மறுகணம் வெளுத்தும், எங்கள் தலைக்கு மேலாகப் பழைய சரளைக் குழிகளின் நீர்நிலைக்குப் போயிற்று. அந்தச் சிறகோசையில் யாரும் பேசவில்லை.

அருகிலிருந்த முதியவர் ஒருவர் மட்டும் அந்த ஆயிரக்கணக்கானவற்றை விட்டுவிட்டு, வளைந்த நீண்ட அலகுடைய கர்லூக்களைத் தனியே எண்ணிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். காரணம் கேட்டேன். "இவற்றை எண்ணத்தான் வேண்டும்" என்றார்.

அவர் சொன்னதன் கனம் பிறகு விளங்கிற்று. பிரிட்டனில் கூடுகட்டும் கர்லூக்கள் 1990-களின் நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டன. 2015-இல் அந்நாட்டுச் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவற்றின் நெருங்கிய உறவான மெல்லலகு கர்லூ, சைபீரியாவிலிருந்து மத்தியதரைக் கடற்கரைகளுக்கு இலையுதிர்காலந்தோறும் வந்துகொண்டிருந்த பறவை. ஐயத்துக்கிடமின்றி அது கடைசியாகக் காணப்பட்டது 1995-இல், மொராக்கோவில். முப்பது ஆண்டுகள் தேடிய பின், நான் ஸ்நெட்டிஷத்தில் நின்ற அதே மாதம், அது அற்றுப்போனதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. வொயிட்டின் ஆறுதல் இதற்கு இல்லை. எந்தப் பொந்திலும் அது உறங்கவில்லை.

வகுப்பில் சத்திமுற்றப் புலவரின் நாரைப் பாட்டை நடத்தும்போது, புலவரின் வறுமையையும் குளிரையும் பற்றியே இதுவரை பேசிவந்திருக்கிறேன். இப்போது வேறொன்று கண்ணில் படுகிறது. தென்கோடிக் குமரியில் நீராடிவிட்டு நாரை வடக்கே திரும்பும் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. அந்த நம்பிக்கையின் மேல்தான் மனைவிக்கான செய்தியை ஏற்றி அனுப்புகிறார். தூது என்னும் இலக்கிய வகையே, போகிறவர் போய்ச் சேர்வார் என்ற உறுதியில் நிற்பது. ஸ்நெட்டிஷத்து முதியவர் குறிப்பேட்டில் எண்களை எழுதிக்கொண்டிருந்ததும் அந்த உறுதி இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பதற்காகத்தான். அன்று காலை அவர் கணக்கில் நாற்பத்து மூன்று இருந்தன.