விடுகிற பொத்தான்

விஸ்வநத்தத்தில் ரேடியோ செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருவர், கடையை மூடியபோது இரண்டு பழைய மைக்குகளை என்னிடம் கொடுத்தார். "எத்தனை மேடையப் பாத்தது தம்பி. பழைய இரும்புக்குப் போட மனசு வரல" என்றார். கோவில் கொடை, கல்யாணம், தேர்தல் கூட்டம் எல்லாவற்றிலும் பேசித் தீர்த்தவை. அவற்றில் ஒன்றையாவது என் ஹாம் ரேடியோவுக்குப் பொருத்திவிட ஆசைப்பட்டேன். உரிமம் கைக்கு வந்து அப்போது அதிக நாளாகியிருக்கவில்லை.

முதலாவது கிரிஸ்டல் மைக். அதற்குள் ரோஷல் உப்பின் மெல்லிய தகடு ஒன்று இருக்கும். குரலின் அழுத்தத்தில் வளைந்து மின்சாரம் தரும். 55 டிகிரி செல்சியஸை ஒட்டி அந்த உப்பு தன்னுள் இருக்கும் நீரிலேயே கரையத் தொடங்கிவிடும். ஈரமும் அதற்கு ஆகாது. தகரக் கூரைக்கடியில் எத்தனையோ கோடைகளைக் கழித்த அது எப்போதோ செத்துப்போயிருந்தது. வெடியுப்பை வைத்துப் பிழைக்கும் ஊரில் இந்த உப்பைக் காப்பாற்ற ஒருவருக்கும் தெரியவில்லை.

இரண்டாவது டைனமிக் மைக். காந்தத்தின் இடைவெளியில் ஆடும் ஒரு கம்பிச் சுருள், அவ்வளவுதான். அதன் கைப்பிடிக்குள் ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. சில நூறு ஓம் சுருளைப் பழைய வால்வு ஆம்பிளிஃபயருக்கு ஏற்றபடி பல ஆயிரம் ஓமாகக் காட்டுவது அதன் வேலை. என் ரேடியோவுக்கு 600 ஓம் போதும். டிரான்ஸ்ஃபார்மரை விலக்கிவிட்டுச் சுருளிலிருந்தே வயரை எடுத்தேன். எலக்ட்ரெட் மைக்குக்காக ரேடியோ அதே வயரில் கொஞ்சம் நேர்மின்சாரத்தையும் அனுப்பியது. அது சுருளில் ஏறினால் டயஃப்ரம் ஒரு பக்கமாக இழுபட்டு நிற்கும். நடுவில் 0.47 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றை வைத்தேன். அது நேர்மின்சாரத்தைத் தடுத்தது; கூடவே, சுமார் 300 சைக்கிளுக்குக் கீழே இருந்த கார்வையையும் கழித்துவிட்டது. மேடையில் மனிதனைப் பெரியவனாகக் காட்டுவது அந்தக் கார்வைதான். தூரத்தில் கேட்பவனுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சொல்லைப் பிரித்துக்காட்டுவது மேல் ஸ்தாயிதான்.

மிஞ்சியது சுவிட்ச். மேடை மைக்கில் இருந்தது தள்ளு சுவிட்ச். ஒருமுறை தள்ளிவிட்டால் அப்படியே நிற்கும். பேசுகிறவன் கேட்க வேண்டிய அவசியம் மேடையில் கிடையாது. இருவழி ரேடியோவில் அழுத்தியிருக்கும்வரை பேசலாம். அந்த நேரம் முழுக்க காது செவிடு. விரலை எடுத்தால்தான் எதிராளி இருக்கிறான். மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு ஸ்பிரிங் பொத்தான் வாங்க நினைத்தேன். போக சோம்பலாக இருந்தது. பழைய சுவிட்சையே வைத்து வயரிங்கை முடித்துவிட்டேன்.

அன்றிரவு 40 மீட்டரில் பேசினேன். குரல் நன்றாக இருக்கிறது என்று முதலில் ஒருவர் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மைக்கின் பூர்வீகம், ரோஷல் உப்பு, கண்டென்சர் என்று விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஒருவழியாக சுவிட்சைத் தள்ளியபோது திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நிதானமாகச் சொன்னார்: "நீங்க பேசிக்கிட்டு இருக்கும்போது மெலிசா ஒரு குரல் ரெண்டு தடவை கூப்பிட்டுது சார். அவசரம்னு மட்டும் காதுல விழுந்துது. இப்போ இல்லை."

நாங்கள் எல்லோரும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுப் பார்த்தோம். பதில் இல்லை.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது ஹாம் ரேடியோவுக்காக போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத், தொலைபேசி அற்றுப்போன அந்தமானிலிருந்து செய்திகளைக் கரைசேர்த்தார். அவர் பேசியதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அத்தகைய நேரங்களில் மற்ற நிலையங்கள் அலைவரிசையை விட்டுக்கொடுத்து மௌனமாக இருக்க வேண்டும் என்பது எங்களுக்குள் விதி. அந்த மௌனத்தைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றுவதில்லை.

மேடைத் தமிழைப் பரிகசித்து நம் பத்திரிகைகளில் நானும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அலங்காரம், அடுக்குமொழி, கார்வை என்றெல்லாம் குற்றம் கண்டுபிடித்தேன். கார்வையைக் கழிப்பது சுலபம், ஒரு கண்டென்சர் போதும் என்று இப்போது தோன்றுகிறது. என் விமர்சனங்களில் சுவிட்ச் மட்டும் பழையதாகவே இருந்திருக்கிறது. இருநூறு பிரதிகள்தான் என்றாலும், எதிரே ஒருவன் கூப்பிடுகிறானா என்று நின்று கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

மறுநாளே மதுரைக்குப் போனேன். அந்தப் பொத்தானின் ஸ்பிரிங் கொஞ்சம் கடினமானது. இரண்டு நிமிஷம் அழுத்தினால் விரல் வலிக்கும். மாற்றலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மாற்றவில்லை. மற்றவர் முடித்த பிறகு இரண்டு எண்ணிவிட்டுத்தான் அழுத்துகிறேன். அந்த இரண்டில் பெரும்பாலும் இரைச்சல்தான் கேட்கிறது.