பிள்ளையார்பாளையத்துக்கு ஒரு பலகை



நேற்று கைலாசநாதர் கோயிலுக்கு வழி கேட்ட வெளியூர்த் தம்பதியோடு நானும் நடந்தேன். 1300 ஆண்டுகளுக்கு முன் இராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கற்றளி அல்லவா! சுற்றுலாவுக்கான பழுப்புநிறப் பலகை இருந்தது. பிறந்தநாள் பேனர் ஒன்று அதை மறைத்திருந்தது.

பிள்ளையார்பாளையத்தில் தறிச்சத்தம் கேட்டு அந்த அம்மா நின்றுவிட்டார். "இங்கேதான் நெய்கிறார்களா? ஒரு பலகைகூட இல்லையே!"

எனக்குத் தலைகுனிவாக இருந்தது. பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-லேயே வந்துவிட்டது. ஊர் 2021-ல் மாநகராட்சியும் ஆனது. கோயிலுக்கும் கடைக்கும் வழி காட்டுகிறோம். நெய்பவர் வீட்டுக்குக் காட்டுவதில்லை.

உங்களில் பலர் தறிவீட்டுப் பிள்ளைகள்தானே? திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறேன். கையெழுத்துப் போட வாருங்கள். எழுத்துப்பிழையை நான் பார்த்துக்கொள்கிறேன்.