அத்தாவின் கடிதங்களும் இரண்டு கணினிகளும்

எங்கள் அத்தா மர்ஹூம் ஆகி 14 ஆண்டுகள் ஓடிவிட்டன. பினாங்கில் ஒரு துணிக்கடையில் 22 ஆண்டுகள் கணக்கு எழுதியவர் அவர். அந்நாட்களில் அம்மாவுக்கு அவர் எழுதிய நீல நிற ஏர்மெயில் கடிதங்களில் 43 எங்களிடம் இருந்தன. ‘இருந்தன’ என்று இறந்த காலத்தில் எழுத நேர்ந்ததற்கு நானே காரணம். வீட்டில் ஒரு கணினியும் அலுவலகத்தார் தந்த மடிக்கணினியும் வைத்துக் காலந்தள்ளுவோர் இன்று பெருகிவிட்டனர். எனக்கு நேர்ந்தது அவர்களுக்கு ஒரு பாடமாகட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, நான் கணக்கராகப் பணிபுரியும் நிறுவனம் ஒரு மடிக்கணினியைக் கொடுத்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது. அதன் திரை சிறியது. நீண்ட பேரேட்டுப் பக்கங்களை, மகளின் படிப்புக்காக வாங்கிய வீட்டுக் கணினியின் பெரிய திரையில் பார்ப்பதே எனக்கு எளிதாக இருந்தது. ஆகவே கோப்புகளைப் பென் டிரைவில் ஏற்றி, இங்குமங்கும் மாற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் எது புதியது, எது பழையது என்று தெரியாமல் பழைய கோப்பைப் புதியதன்மேல் பதிந்துவிட்டேன். இரண்டு நாள் உழைப்பு வீணாயிற்று.

என் வருத்தத்தைக் கண்ட மைத்துனர் மகன், இரு கணினிகளிலும் இணையவழிச் சேமிப்பு வசதி ஒன்றை நிறுவிக் கொடுத்தான். ஒன்றில் ஒரு கோப்பைத் திருத்தினால், அத்திருத்தம் இணையத்தின் வழியே அச்சேவையின் கணினிக்குச் சென்று, அங்கிருந்து மற்றதற்கும் வந்து சேர்ந்துவிடும். பென் டிரைவுக்கு வேலையே இல்லை. எனக்கு அது பெரும் நிம்மதியாக இருந்தது.

அவ்வாண்டு ரமலானில் அத்தாவின் கடிதங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தேன். அம்மா அருகிலேயே அமர்ந்து, மடிப்பில் கிழிந்த தாள்களைப் பதமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் அதே பொதுக் கோப்புறையில் இட்டேன். அடுத்த ஆண்டு மழையில் ஊர் வீட்டின் ஓடு ஒழுகி, பெட்டியிலிருந்த கடிதங்கள் கூழாகிவிட்டன. “கவலைப்படாதீங்கம்மா, ரெண்டு கணினியிலும் பத்திரமா இருக்கு” என்று தேற்றினேன். அம்மாவும் நம்பினார்கள்.

2022 ஜூனில் அலுவலகத்தில் புதிய மடிக்கணினி வழங்கினார்கள். பழையதில் உள்ள சொந்தக் கோப்புகளை நீக்கிவிட்டுத் திருப்பித் தருமாறு கேட்டனர். முறையான கோரிக்கைதான். வீட்டுக் கணினியில் இன்னொரு பிரதி இருக்கிறதே என்ற துணிவில், கடிதங்கள் இருந்த பகுதியை அழித்துவிட்டு ஒப்படைத்தேன்.

ஏறத்தாழ 40 நாட்கள் கழித்து அம்மா கேட்டார்கள்: “நீ பொறந்தப்ப அத்தா எழுதுன கடிதத்தைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுப்பா.” வீட்டுக் கணினியைத் திறந்தேன். அங்கே கடிதங்கள் இல்லை. மடிக்கணினியில் நான் அழித்ததை, வீட்டுக் கணினியும் அப்படியே பின்பற்றி அழித்திருந்தது. அழித்தவற்றை அச்சேவை 30 நாட்கள் மட்டுமே மீட்டெடுக்கும்படி வைத்திருக்குமாம். அந்தக் கெடு கடந்துவிட்டது. பழுது பார்ப்பவரிடம் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தும் பயனில்லை.

பினாங்கிலுள்ள உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்காக மகள் தன் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த 9 கடிதங்கள் மட்டும் தப்பின. அம்மா கேட்ட கடிதம் அவற்றில் இல்லை. அம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “எனக்குப் பாதி மனப்பாடம்” என்று சொல்லத் தொடங்கி, மூன்று வரிகளோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த மூன்று வரிகளை எழுதி வைத்திருக்கிறேன்.

தவறு இயந்திரத்தினுடையது அன்று. இரண்டு இடங்களில் தெரிந்ததை இரண்டு பிரதிகள் என்று நான் எண்ணியதே தவறு. அது ஒரே அறைக்கு இரண்டு வாசல் வைத்தது போன்றது. எந்த வாசல் வழியே பொருளை வெளியேற்றினாலும் அறை காலியாகிவிடும். விண்டோஸ் 95 வந்த காலத்தில், இதே தேவைக்காக ‘பிரீஃப்கேஸ்’ என்றொரு வசதி இருந்தது. எந்தக் கோப்பு எதை மாற்றப் போகிறது என்று பட்டியலிட்டுக் காட்டி, நம் ஒப்புதலுக்குக் காத்திருக்கும். பிற்காலத்தில் அது கைவிடப்பட்டது. நான் பயன்படுத்திய சேவையோ எதையும் கேட்கவில்லை. நானும் அதைக் கேட்டறியவில்லை.

இன்னொரு குற்றமும் அப்போதுதான் உறைத்தது. தொழிலாளர்களின் சம்பளப் பட்டியலும் வங்கிக் கணக்கு எண்களும், மகளின் தோழியர் வந்து பயன்படுத்தும் வீட்டுக் கணினியில் கிடந்திருக்கின்றன. அவை என்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா? அன்றே அவற்றை அகற்றினேன். இப்போது அலுவலகக் கோப்புகள் அலுவலகம் அனுமதித்த வழியில் மட்டுமே செல்கின்றன. குடும்பத்தின் எதுவும் அலுவலகக் கணினியைத் தொடுவதில்லை.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய எளிய விதி ஒன்று உண்டு: மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்களில், ஒன்றேனும் வேறிடத்தில். எஞ்சிய 9 கடிதங்களும் இப்போது வீட்டுக் கணினியிலும், தனி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும், கும்பகோணத்தில் அக்கா வீட்டிலுள்ள பென் டிரைவிலும் இருக்கின்றன. மாதம் ஒருமுறை ஹார்ட் டிஸ்க்கை இணைத்துப் படியெடுத்து, ஒரு கோப்பையாவது திறந்து பார்த்துவிட்டு, உடனே கழற்றி வைக்கிறேன். கழற்றி வைத்ததை இன்னொரு கணினியில் செய்யும் பிழை எட்டாது.

வாசக அன்பர்கள் இன்றே ஒரு சோதனை செய்து பாருங்கள். தேவையற்ற ஒரு கோப்பை உருவாக்கி, அது இரு கணினிகளிலும் தெரிந்தபின் ஒன்றில் அழியுங்கள். மற்றதிலும் அது மறைந்துவிட்டால், உங்களிடம் இருப்பது ஒரே பிரதிதான்.