சுவருக்குள் இருக்கும் கம்பி

நோயாளரின் கட்டிலருகே நிற்கும் மின்கருவியைக் காண்போர் அதன் விளக்கையும் எண்களையும் நோக்குவர். அது செருகப்பட்டிருக்கும் சுவரை நோக்குவோர் மிகச் சிலரே. ஆயினும், உயிர்காக்க வந்த கருவி உயிருக்கு ஊறு செய்யாதிருத்தல் பல வேளைகளில் அச்சுவருக்குள் மறைந்திருக்கும் ஒரு கம்பியையே சார்ந்துள்ளது.

பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் வீதியில் அமைந்த கெலிஓயா எனது ஊர். நோயுற்று வீடு திரும்பிய என் பாட்டியாருக்கென, வைத்தியசாலைகளிற் பயன்படும் உலோகக் கூடுடைய சளி உறிஞ்சும் கருவியொன்றை உறவினர் ஒருவர் இரவலாகப் பெற்றுத் தந்தார். அதனைப் பொருத்துமுன் குதையைக் கழற்றிப் பார்த்த மின்வேலைக்காரர், மூன்றாவது துளையின் பின்னால் எக்கம்பியும் இல்லாமையைக் காட்டினார். "லைட் எரியுது, பேன் சுத்துது, பிறகு யாருக்குத் தம்பி தெரியப்போகுது?" என்றார் அவர். புவிக்கம்பியின் இயல்பை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது. அது இல்லாதபோதும் எல்லாம் இயங்கும்; பழுது நேரும் கணத்திலேதான் அதன் இன்மை தெரியவரும்.

எமது வீடுகளுக்கு வரும் மின்னின் அழுத்தம் 230 வோல்ற். கருவிக்குள் மின்னேறிய கம்பி தளர்ந்து உலோகக் கூட்டைத் தொடுமாயின், புவிக்கம்பி அம்மின்னை நிலத்துக்குக் கடத்தும். உருகி எரிந்து இணைப்பு அறும். அக்கம்பி இல்லையெனின், கூட்டைத் தொடும் உடலே கம்பியாகிவிடும். ஏறத்தாழ 1 மில்லி அம்பியர் பாயும்போது அதனை நாம் உணர்கின்றோம். அதனிற் பன்மடங்கு மார்பினூடே பாயின் இதயத்தின் ஒழுங்கு குலைந்து மரணம் நேரலாம். நலமுள்ளவர் கையை இழுத்துக்கொள்ள முயல்வார். மயங்கிக் கிடப்பவர் என் செய்வார்?

அமெரிக்க வைத்தியசாலைகளில் ஆண்டுதோறும் 1200 நோயாளர் மின்தாக்கி இறப்பதாக ரால்ஃப் நேடர் 1971 இல் எழுதியபோது பெரும் அச்சம் எழுந்தது. அவ்வெண்ணிக்கை ஒருபோதும் நிறுவப்படவில்லை. எனினும், அக்காலத்திற் கருவிகளைச் சோதிக்கும் வழக்கம் வலுப்பெற்றது. 1977 இல் சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு மருத்துவ மின்கருவிகளுக்கான பொது நியமத்தை வெளியிட்டது. இதயத்தோடு நேரே தொடர்புறும் கருவியொன்றின் கசிவு, வழமையான நிலையில் 10 மைக்கிரோ அம்பியரை மீறலாகாது என்பது அந்நியமம் வகுத்த எல்லைகளுள் ஒன்று.

அதே ஆணைக்குழு 2010 இல் வீட்டுப் பயன்பாட்டுக் கருவிகளுக்கென வெளியிட்ட நியமம் இன்னும் சிந்தனைக்குரியது. வீட்டுச் சுவரிலுள்ள புவிக்கம்பியை நம்பலாகாது என்பதே அதன் அடிப்படை. ஆகவே, நிலையாகப் பொருத்தப்படாத கருவிகள் இரட்டைக் காவலிடப்பட்டோ உள்மின்கலத்தாலோ இயங்கவேண்டும் என அது விதித்தது. ஒரு சதுரத்துள் இன்னொரு சதுரம் பொறிக்கப்பட்டிருப்பது இரட்டைக் காவலின் அடையாளமாகும். வைத்தியசாலைக்கென ஆக்கப்பட்ட கருவியோ அங்குள்ள சுவரை நம்பி ஆக்கப்பட்டது. கருவி வீட்டுக்கு வருகின்றது, சுவர் உடன்வருவதில்லை.

வட்டமுனைக் குதைகளும் சதுரமுனைக் குதைகளும் கலந்து கிடக்கும் எம் வீடுகளில், செருகியின் மூன்றாம் முனையை முறித்துக் கருவியை இயக்குதல் அக்காவலை அறுத்தெறிவதாகும். 30 மில்லி அம்பியர் கசிவில் மின்னைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் பெருந்துணைதான். அதன் சோதனைப் பொத்தானை இடையிடையே அழுத்திப் பார்த்தல் வேண்டும். எனினும் அது புவிக்கம்பிக்கு ஈடாகாது. எங்கள் வீட்டில் அன்று புதுக்கம்பி இழுத்துச் சோதித்த பின்னரே கருவி இயங்கிற்று.

பேராதனை வளாகத்தில் மருத்துவ பீடமும் பொறியியற் பீடமும் ஒருங்கே உள்ளன. நோயாளரைக் கருவியோடு வீட்டுக்கு அனுப்பும் வைத்தியர், மருந்தின் அளவை எழுதும் தாளிலேயே "வீட்டுக் குதையின் புவிக்கம்பி சோதிக்கப்பட்டதா?" என்னும் வினாவையும் எழுதுவாராக. அதற்கு விடைகூற வல்ல பொறியியலாளர் அவருக்குத் தொலைவில் இல்லை.