மாதரும் தடுப்பூசியும்

பெண்பிள்ளை பருவமெய்தினால் ஊரைக் கூட்டிச் சாமத்தியச் சடங்கு செய்வோம். பந்தலிட்டு, ஆலாத்தி எடுத்து, படமும் பிடித்து வைப்போம். ஆனால் அடுத்த மாதம் முதற்கொண்டு அதே விடயம் அடுக்களையிலும் பேசத்தகாத இரகசியமாகிவிடுகின்றது. வன்னி மண்ணிற் பிறந்து, கல்லூரியிற் பாடஞ் சொல்லி, நாற்பதைக் கடந்த யானும் இவ்வழக்கத்துக்கு விலக்கானவள் அல்லள்.

2021 ஆம் ஆண்டில் கிளிநொச்சியில் சினோபார்ம் தடுப்பூசியின் இரண்டாம் ஊசியைப் பெற்றேன். அம்மாதம் வரவேண்டியது ஒன்பது நாள் தாமதித்து வந்தது. வழமைக்கு மிஞ்சியும் இருந்தது. வயதின் கோளாறு என எண்ணி வாய் திறவாதிருந்தேன்.

அவ்வாண்டு ஒக்டோபரில் மாணவர்க்குப் பைசர் தடுப்பூசி ஏற்றத் தொடங்கினர். சில வாரங்களின் பின் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, ஏனையோர் சென்றபின் என் மேசையருகே வந்து நின்றாள்.

"ரீச்சர், ஊசி போட்ட பிறகு எனக்குச் சரியான நாளுக்கு வரேல்லை. இனிப் பிள்ளை பிறக்காது எண்டு அம்மம்மா அழுகிறா."

அம்மூதாட்டியின் அச்சத்தை வெறும் அறியாமையென்று தள்ள என் மனம் ஒப்பவில்லை. 2013 ஆகஸ்டில் கிளிநொச்சி மாவட்டத்து வேரவில், வலைப்பாடு, கிராஞ்சிக் கிராமங்களில், மனமொத்த சம்மதமின்றித் தமக்குக் கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்டதெனத் தாய்மார் முறையிட்டமை பத்திரிகைகளில் வந்த செய்தி. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடுமோ?

"எனக்கும் அப்படித்தான் பிள்ளை. பிறகு ஒழுங்காக வந்தது," என்றேன். அவ்வளவே என்னிடம் அன்று இருந்த விடை.

2022 ஜனவரியில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, ஏறக்குறைய 4,000 பெண்களின் மாதக் குறிப்புகளை ஆராய்ந்து தெளிவு தந்தது. ஊசி பெற்ற மாதத்திற் சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகவே நீளுகின்றது. ஒரே சுழற்சியில் இரண்டு ஊசியும் பெற்றோருக்கு ஏறத்தாழ இரு நாள். பின்னர் பழைய ஒழுங்கு மீளுகின்றது. சிலருக்கு மாற்றம் எட்டு நாளையும் எட்டியதுண்டு. அவ்வாண்டு ஒக்டோபரில் ஐரோப்பிய மருந்து முகவரகத்தின் குழு, பைசர், மொடேர்னா ஊசிகளின் பக்க விளைவுகளுள் மிகுந்த உதிரப்போக்கையும் சேர்க்கப் பரிந்துரைத்தது. அது பெரும்பாலும் தற்காலிகமானது; கருத்தரிக்கும் ஆற்றலைக் கெடுக்கும் என்பதற்குச் சான்றில்லை என்றும் அக்குழு கூறிற்று.

எனக்கு நேர்ந்தது ஊசியாலோ வயதாலோ என்று திட்டமாகச் சொல்ல இயலாது. எனினும் நோயெதிர்ப்புச் சக்தி கிளர்ந்தெழுங்கால், சுரப்பிகளின் ஒழுங்கும் கருப்பையின் உட்படலமும் சிறிது தடுமாறலாம் என்பது மருத்துவர் கருத்து. நெருப்புக்காய்ச்சல் ஊசி பெற்ற மகளிரிடம் இத்தகைய மாற்றம் கண்டமை 1913 இலேயே அமெரிக்காவிற் பதிவாகியுள்ளது. அவ்வாறிருந்தும் கொரோனா ஊசிகளைப் பரிசோதித்தபோது மாதவிடாயைப் பற்றிப் பெண்களிடம் முறையாக விசாரித்தாரில்லை. மௌனம் எங்கள் அடுக்களைக்கு மட்டும் உரியதன்று போலும்!

தாய்மாரே, நாட்காட்டியில் நாளைக் குறித்து வைக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். மணிக்கொரு துணி மாற்றும் அளவு உதிரம் போனாலும், மூன்று மாதம் வராதுவிட்டாலும், முற்றாக நின்றபின் மீண்டும் கண்டாலும் வைத்தியரை நாடத் தயங்காதீர்கள்.

அம்மாணவி அடுத்த மாதம் வகுப்பு வாயிலில் நின்று, "வந்திட்டுது ரீச்சர்" என்று மெல்லச் சொன்னாள். அவளை அம்மம்மாவிடம் ஓடிச் சொல்லுமாறு அனுப்பினேன்.